கேட்டில் நிற்கும் வண்டிகள்
ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்சாலைகளின் கணினிப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்



ஓசூர் சிப்காட்டிலும் மத்திகிரி, பாகலூர் சாலைகளிலும், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வரையிலும் உள்ள உதிரிபாக ஆலைகளின் கணினி அறைகளில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பல வருடம் ஓடிய ஏஎஸ்/400 புரோகிராம்களைப் புதிய கணினிக்கோ வேறு தரவுத்தளத்துக்கோ மாற்றிவிட்டு, "சார், சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, சுத்திக்கிட்டே இருக்கு" என்ற போனை தினமும் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் முதலில் படிக்க வேண்டும். மாற்றுவதென்று முடிவெடுத்து, இன்னும் கையெழுத்துப் போடாதவர்களும் படித்தால் நல்லது.

வேகம் குறைந்தால் வழக்கமாக நடப்பது உங்களுக்குத் தெரியும். மாற்றிக்கொடுத்த நிறுவனம் பழைய புரோகிராமின் வயதைக் காரணம் காட்டும். கணினி விற்றவர் இன்னும் பெரிய கணினி வேண்டும் என்பார். நிர்வாகம் டெஸ்பாட்ச் பையனைத் திட்டும். பெரும்பாலான இடங்களில் இந்த மூன்றும் தவறு என்பது என் உறுதியான கருத்து. பழைய இயந்திரம் அந்தப் புரோகிராமுக்காகச் சத்தமில்லாமல் எத்தனையோ வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. மாற்றும்போது புரோகிராமின் வரிகள் வந்து சேர்ந்தன, அந்த வேலைகள் வரவில்லை. எவை வரவில்லை என்று தேடிப் பிடித்தால், இழந்த வேகத்தில் பெரும்பகுதியைப் புதிய கணினி வாங்காமலே மீட்கலாம்.

ஐபிஎம் 1978ல் இந்தியாவை விட்டு வெளியேறி, 1992ல் டாடாவுடன் கூட்டுச் சேர்ந்து திரும்பியது. ஏஎஸ்/400 நம் ஆலைகளுக்குள் பரவியது அதற்குப் பிறகுதான். அதற்குள் ஓசூரில் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும் டைட்டன் கடிகாரமும் ஓடத் தொடங்கி, அவற்றைச் சுற்றிச் சின்ன ஆலைகள் முளைத்துவிட்டன. ஆயிரம் வகைப் பாகம், நூறு வகை சலான், மாத முடிவில் பத்து வகை ரிப்போர்ட் என்று இந்த ஊருக்கு இருந்த தேவைக்கு அந்த இயந்திரம் பொருந்தியது. 1988 ஜூனில் மினசோட்டாவின் ரோச்செஸ்டர் ஆலையிலிருந்து அறிமுகமானபோதே தரவுத்தளம் அதன் இயங்குதளத்துக்குள்ளேயே இருந்தது. தனியாக வாங்கவும் வேண்டாம், தனியாகப் பராமரிக்கவும் வேண்டாம். நினைவகத்தையும் டிஸ்க்கையும் ஒரே முகவரிப் பரப்பாகப் பார்க்கும் அமைப்பை, 1978ல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/38 என்ற முன்னோடியிடமிருந்து அது பெற்றிருந்தது. அதன் புரோகிராம் மொழியான ஆர்பிஜியில் எழுதியவர்கள் இதையெல்லாம் யோசித்து எழுதவில்லை. யோசிக்கத் தேவையில்லாமல் இருந்ததுதான் அதன் பலம். இன்று உங்களுக்கு வரும் சிக்கலின் வேரும் அதுவே.

ஆர்பிஜியில் செயின் என்ற கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். பாகத்தின் எண்ணைக் கொடுத்தால் அந்த ஒரு ரெக்கார்டை எடுத்துத் தரும். பழைய இயந்திரத்தில் ஃபைல் ஏற்கெனவே திறந்திருக்கும், சாவி வரிசை தயாராக இருக்கும், தேடும் பக்கம் பெரும்பாலும் நினைவகத்திலேயே இருக்கும். ஆகும் நேரத்தை மைக்ரோசெகண்டில்தான் சொல்ல முடியும். அதனால் அன்றைய புரோகிராமர் தயங்காமல் செயின் போட்டார். இரவில் ஓடும் எம்ஆர்பி, அதாவது பொருள் தேவைக் கணக்கு, ஒவ்வொரு பாகத்துக்கும் பிஓஎம் என்ற உட்பாகப் பட்டியலைப் பிரித்து, கீழ்ப்பாகம், அதன் இருப்பு, அதன் ஆர்டர், அதன் சப்ளையர் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இறங்கும்.

ஒரு இரவில் மூன்று லட்சம் முறை படிக்கிறது என்று வையுங்கள். ஒரு முறைக்கு 20 மைக்ரோசெகண்ட் என்றால் மொத்தம் ஆறு விநாடி. இப்போது அதே புரோகிராமை மாற்றும் கருவி ஒவ்வொரு செயினையும் ஒரு எஸ்க்யூஎல் செலக்டாக மொழிபெயர்க்கிறது. தரவுத்தளம் வேறு சர்வரில், நெட்வொர்க்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஒரு முறை போய்வர ஒரு மில்லிசெகண்ட் ஆனால் ஐந்து நிமிடம். கேள்வியை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரித்து, அதனால் ஐந்து மில்லிசெகண்ட் ஆகிறதென்றால் இருபத்தைந்து நிமிடம். கணக்கில் ஒரு எழுத்தும் மாறவில்லை, விடையும் சரியாகவே வருகிறது. சோதனை செய்தவர் பத்துப் பாகத்தை வைத்து ஓட்டிப் பார்த்து, விடை சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

வரிக்கு வரி மொழிபெயர்த்த புரோகிராமை எந்தப் பெரிய சர்வரும் காப்பாற்றாது. நெட்வொர்க்கில் போய்வரும் நேரம் பிராசஸரின் வேகத்தால் குறைவதில்லை. இங்கே செய்ய வேண்டியது வேறு. பிஓஎம் முழுவதையும் ஒரே தொடர்வினவலில், அதாவது ரிகர்சிவ் எஸ்க்யூஎல்லில், ஒரே முறை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பையும் ஆர்டரையும் அதனோடு இணைத்து மொத்தமாகக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்பதை நிறுத்துங்கள். எல்லாப் புரோகிராமுக்கும் இது தேவைப்படாது. இரவில் ஓடும் ஏழெட்டுப் பெரிய வேலைகளுக்குச் செய்தால் போதும். திரையில் ஒரு பாகத்தைத் தேடிக் காட்டும் புரோகிராம் ஒரு மில்லிசெகண்ட் கூட எடுத்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள், அதை அப்படியே விடுங்கள்.

வரிசையாகப் படிக்கும் புரோகிராமிலும் இதே கதை உண்டு. வாசிப்புக்கு மட்டும் திறந்த ஃபைலை வரிசையாகப் படித்தால், பழைய இயந்திரம் பல ரெக்கார்டுகளை ஒரே கட்டாக எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுக்கும். மாற்றிய பிறகு கர்சரில் ஒவ்வொரு வரியாக எடுத்தால் அந்தக் கட்டு போய்விடுகிறது. ஒரு முறைக்கு நூறு வரி எடுக்கும்படி எழுதினாலே வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

அடுத்தது நம் எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கல். இதை எந்த வெளியூர் ஆலோசகரும் சொல்லித் தரமாட்டார் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஓசூர் ஆலையின் சரக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ முறை மாநில எல்லையைத் தாண்டுகிறது. பொம்மசந்திராவில் வாடிக்கையாளர், ஜிகனியில் பிளேட்டிங், அத்திப்பள்ளியில் ஹீட் ட்ரீட்மென்ட். வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் 33ல் தொடங்கினால் ஒரு வரி, 29ல் தொடங்கினால் இன்னொரு வரி. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஜாப் வொர்க்குக்கு அனுப்பும் சரக்குக்கு, மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் போட்டாக வேண்டும். 50,000 ரூபாய் வரம்பு அதற்குப் பொருந்தாது. கோயம்புத்தூரில் பக்கத்துப் பேட்டைக்குப் பிளேட்டிங் அனுப்புகிறவருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. நம்மவர் இரண்டு பெட்டி பிராக்கெட் அனுப்பினாலும் அரசின் சர்வரிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இதற்கு மேல் இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டிய எல்லோருக்கும் அது வந்துவிட்டது. பதிவு எண்ணும் க்யூஆர் குறியீடும் வராமல் பில் செல்லாது, வண்டியும் கிளம்பாது.

பழைய டெஸ்பாட்ச் புரோகிராம் எழுதப்பட்ட நாளில் இதெல்லாம் இல்லை. ஆர்டர் ரெக்கார்டையும் இருப்பு ரெக்கார்டையும் அப்டேட்டுக்காகப் படிக்கும், படித்த உடனே பூட்டும், கழிக்கும், எழுதும், விடுவிக்கும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். மாற்றும்போது, இந்தப் படித்தலுக்கும் எழுதலுக்கும் நடுவில் இ-இன்வாய்ஸ் அழைப்பைச் செருகிவிடுகிறார்கள். பில் எண்ணை அங்கேதான் உருவாக்குகிறோம், அதனால் அங்கேயே அழைத்துவிடுவோம் என்பது அவர்கள் கணக்கு. தனியாகப் பார்த்தால் குற்றம் தெரியாது.

நான் பார்த்த ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், மாலை நேரத்தில் மட்டும் எல்லாத் திரையும் உறைந்துபோகும். முதல் ஷிஃப்ட் சரக்கும் இரண்டாம் ஷிஃப்ட் தொடக்கமும் சேரும் நேரம் அது. கேட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும். பிராசஸர் பாதிகூட ஓடவில்லை, டிஸ்க்கும் சும்மா இருந்தது. அதனாலேயே கணினியில் பழுதில்லை, நெட் சரியில்லை என்று எல்லோரும் நெட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வொர்க் ஆக்டிவ் ஜாப் திரையில் நிலை என்ற பத்தியைப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது. வரிசையாக எல்சிகேடபிள்யூ, அதாவது பூட்டுக்காகக் காத்திருக்கின்றன. ஒரு பில் அரசின் சர்வரிலிருந்து பதில் வரக் காத்திருக்கிறது. அது பிடித்து வைத்திருக்கும் இருப்பு ரெக்கார்டு எல்லா மாடலுக்கும் பொதுவான ஒரு போல்ட்டுடையது. அந்த போல்ட்டைத் தொடும் ஒவ்வொரு திரையும் அதன் பின்னால் நிற்கிறது. ஃபைலை உருவாக்கும்போது வேறு சொல்லாவிட்டால் ரெக்கார்டுக்காக 60 விநாடி வரை காத்திருக்கும். அதன் பிறகுதான் பிழை வரும். பொறுமையிழந்த ஒருவர் திரையை மூடித் திறந்து மறுபடி பில் போடுவார், வரிசை இன்னும் நீளும்.

அங்கே தீர்வு எளிதாக இருந்தது. பில்லை நிலுவை நிலையில் எழுதிப் பூட்டை விடுவித்துவிட வேண்டும். பில் எண்ணை ஒரு டேட்டா கியூவில் போட வேண்டும். அதைப் படித்து அரசின் சர்வரோடு பேசுவதற்கென்றே ஒரு தனி ஜாப் ஓட வேண்டும். பதில் வந்ததும் அது பில்லை உறுதி செய்து அச்சுக்கு அனுப்பும். பதில் வராவிட்டால் அந்த ஒரு பில்லைத் தனியே காட்டும். அந்த வண்டி அந்தச் சில விநாடிகள் நிற்கத்தான் வேண்டும், அதை மாற்ற முடியாது. மற்ற வண்டிகள் எதற்கு நிற்க வேண்டும்? ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு ஜூஜுவாடி வணிகவரிச் சோதனைச்சாவடியில் நம் வண்டிகள் நின்றன. 2017 ஜூலையோடு அந்தக் காத்திருப்பு போனது. அதை நம் டெஸ்பாட்ச் அறைக்குள் நாமே கொண்டுவந்து வைக்கக் கூடாது.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஃபைல்களில் தேதி ஆறு இலக்க எண்ணாக, நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் இருக்கும். இந்த மாதத்து பில்களைக் காட்டு என்று புதிய ரிப்போர்ட் கேட்கும்போது, ஒவ்வொரு ரெக்கார்டின் எண்ணையும் வெட்டி ஒட்டித் தேதியாக்கிப் பிறகு ஒப்பிடுகிறது. அப்போது அந்தப் பத்தியின் மேல் இருக்கும் இன்டெக்ஸ் பயன்படாது. இருபது வருட பில்களை முழுவதும் படித்துத்தான் ஒரு மாதத்தை எடுக்கும். ஒரு நாட்காட்டி ஃபைல் செய்து, ஒவ்வொரு நாளுக்கும் ஆறு இலக்க எண்ணையும் உண்மையான தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதனோடு இணைத்துக் கேளுங்கள். அரை நாள் வேலைதான். எண்ணாக உள்ள பாகக் குறியீட்டை எழுத்தாக உள்ள குறியீட்டோடு ஒப்பிடும் இடங்களையும் அப்போதே தேடிவிடுங்கள், அங்கேயும் இதே நோய் இருக்கும்.

ஏஎஸ்/400ன் இன்றைய வாரிசான ஐபிஎம் ஐ-யிலேயே தங்கி, எஸ்க்யூஎல்லுக்கு மட்டும் மாறியவர்களுக்கு இரண்டு வார்த்தை. எஸ்க்யூஎல்லில் லாஜிக்கல் ஃபைலின் பெயரை எழுதாதீர்கள், பிசிக்கல் ஃபைலின் பெயரையே எழுதி, எந்த வழியில் போவது என்பதைத் தரவுத்தளத்திடம் விடுங்கள். இன்டெக்ஸ் அட்வைசர் உங்கள் கணினியிலேயே இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அது சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உருவாக்கவும் வேண்டாம். ஒவ்வொரு இன்டெக்ஸும் ஒவ்வொரு பில் எழுதும்போதும் வேலை வைக்கும்.

ஆக்டிவேஷன் குரூப் என்ற ஒன்று இருக்கிறது. ஆர்பிஜி த்ரீயிலிருந்து ஆர்பிஜி ஃபோருக்கு மாற்றும்போது, கூப்பிடப்படும் சின்னப் புரோகிராம் ஒவ்வொன்றும் நியூ என்ற குரூப்பில் ஓடும்படி கம்பைல் செய்துவிட்டால், ஒவ்வொரு அழைப்புக்கும் குரூப்பை உருவாக்கி, ஃபைல்களைத் திறந்து, மூடி, குரூப்பை அழிக்கும். வரி கணக்கிடும் ஒரு குட்டிப் புரோகிராம் ஒரு பில்லில் நாற்பது வரிக்கு நாற்பது முறை இப்படிப் பிறந்து இறக்கும். கூப்பிட்டவரின் குரூப்பிலேயே ஓடவிடுங்கள். எல்ஆர் இண்டிகேட்டரைத் தேவையில்லாமல் ஒவ்வொரு முறையும் போடுகிறதா என்றும் பாருங்கள், அதுவும் ஃபைலை மூடிவிடும். எல்ஆரை நீக்குவதற்கு முன் ஒன்று: முந்தைய அழைப்பின் மதிப்புகள் வேரியபிள்களில் தங்கிவிடும், அவற்றைத் தொடக்கத்திலேயே துடைக்க வேண்டும்.

சில மந்தம் தானாகவே சரியாகிவிடும், அதற்காகப் பதறிப் பணம் செலவழிக்காதீர்கள். மாற்றிய முதல் நாள், சேமித்ததைத் திரும்ப ஏற்றும்போது சாவி வரிசைகளைச் சேர்த்துச் சேமிக்கவில்லையென்றால், இயந்திரம் பின்னணியில் அவற்றைக் கட்டிக்கொண்டிருக்கும். 2008ல் வந்த ஐபிஎம் ஐ 6.1 பதிப்புக்கு மாறியபோது ஒவ்வொரு பழைய புரோகிராமும் முதல் அழைப்பில் தன்னை மாற்றிக்கொண்டது. 1995ல் 48 பிட் முகவரியிலிருந்து 64 பிட்டுக்கு மாறியபோதும் பழைய புரோகிராம்களை இப்படித்தான் மறுபடி மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அறிந்தவர்கள் வார இறுதியிலேயே மொத்தமாக மாற்றிவைத்தார்கள். அறியாதவர்கள் திங்கட்கிழமை காலையில் அவதிப்பட்டார்கள்.

தானாகச் சரியாகாததும் உண்டு. பழைய கணினியில் சின்னச் சின்ன டிஸ்க் இருபது இருந்திருக்கும், ஒரே நேரத்தில் இருபது கைகள் படித்தன. புதியதில் கொள்ளளவைக் கணக்கிட்டு நான்கு பெரிய சுழலும் டிஸ்க் கொடுத்துவிட்டார்கள் என்றால் கைகள் நான்குதான். இடம் மிச்சமிருக்கும், வேகம் இருக்காது. இப்போது பலரும் எஸ்எஸ்டிக்குப் போய்விட்டதால் இது குறைந்திருக்கிறது. ஆனால் பழைய கணினியை மலிவாக இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். அதைவிட முக்கியமாக, 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த சர்வர் மாடல்களில், பச்சைத் திரை வேலைக்கு என்று பிராசஸரின் ஒரு சிறு பங்கு மட்டுமே அனுமதி. அதைத் தாண்டினால் சிஎஃப்ஐஎன்டி என்ற உள்வேலை பிராசஸரை விழுங்கும். வன்பொருளில் குறையே இல்லை, வாங்கிய உரிமத்தில்தான் இருந்தது. இரண்டாம் கைக் கணினியில் திரை மட்டும் ஊர்ந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது, அமைப்புதான் தாங்கவில்லை. இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை நடந்திருந்தது என்று பின்னர் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. 2022ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. அவர்களுக்கு ஆளும் பணமும் இருந்தது. உங்களுக்கு ஒரு மாத முடிவு தவறினால் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைன் நிற்கும், அந்த அபராதம் உங்கள் பில்லிலிருந்து கழியும்.

உங்களிடம் நான் கேட்பது இதைத்தான். மாற்றுவதற்கு முன்பே, பழைய கணினியில் எந்த வேலை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒரு முழு மாதம் குறித்து வையுங்கள். மாத முடிவு, எம்ஆர்பி, மாலை டெஸ்பாட்ச், மாதாந்திர ஜிஎஸ்டி ரிப்போர்ட், வருட முடிவு இருப்புக் கணக்கு. பழைய கணினியை அணைத்துவிட்டால் இந்த எண்களை யாராலும் திரும்பப் பெற முடியாது. பிறகு நீங்கள் ஸ்லோ என்பீர்கள், அவர்கள் முன்பும் இப்படித்தான் என்பார்கள், நிரூபிக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

சோதனையைப் பத்துப் பாகத்தில் செய்யவிடாதீர்கள். முழு ஃபைலையும் ஏற்றி, மாலை ஐந்து மணிக்கு எத்தனை பேர் உட்காருவார்களோ அத்தனை பேரை உட்கார வைத்துச் சோதியுங்கள். ஸ்டோர்ஸ் அக்காவையும் டெஸ்பாட்ச் அண்ணனையும் கூப்பிடுங்கள். தெலுங்கிலோ கன்னடத்திலோ தமிழிலோ அவர்கள் எப்படிச் சொன்னாலும், எந்தத் திரை, எந்த வாடிக்கையாளர், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கருவிகளில் தெரியாதது அந்தக் குறிப்பில் கிடைக்கும்.

புரோகிராமை எழுதிவிட்டு ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். அந்த ரிப்போர்ட் ஏன் வாடிக்கையாளர் வரிசையில் படிக்காமல் பாக வரிசையில் படிக்கிறது என்பதற்கு அவர்களிடம் காரணம் இருக்கும், புரோகிராமின் குறிப்புகளில் இருக்காது. உதவியாகக் கேட்காதீர்கள். மாற்றும் நிறுவனத்துக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆலோசனைக் கட்டணமாகக் கொடுத்துக் கூப்பிடுங்கள். அவர்களுடைய அறிவை இத்தனை வருடம் ஆலை இலவசமாக வைத்திருந்தது போதும்.

கடைசியாக ஒப்பந்தம். அதில் விடை சரியாக வர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அதோடு, நீங்கள் குறித்து வைத்த வேலைகளின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்ச நேரத்தையும் இணைப்பாகச் சேருங்கள். முழுத் தரவோடு அந்த நேரத்துக்குள் ஓடிக் காட்டிய பிறகே கடைசித் தவணை என்று எழுதச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளத் தயங்கினால், எந்த வேலைக்காகத் தயங்குகிறார்கள் என்று கேட்டு, முதலில் அந்த ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
ஓசூர்